ஆளில்லா வண்டியும் தெருவில் கட்டிய பாவும்

வாசகர்களே, ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்று உங்கள் தெருவுக்குள் நுழைந்து, உங்கள் வாசலில் தானாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்களை அழுத்தியவுடன் கதவு திறக்கிறது. உள்ளே நீங்கள் கேட்ட அரிசியும் காய்கறியும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டதும் வண்டி கதவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படவில்லை. கொள்ளை நோய்க் காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

வகுப்பில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏறத்தாழ இதே வாதத்தை முன்வைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் உண்டு. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிங் லியூவும் அவருடைய குழுவினரும் எழுதியது. 2020 இல் முன்வரைவாக வெளிவந்து, 2021 இல் ஐ.இ.இ.இ. அமைப்பின் எந்திரமனிதவியல் இதழில் அச்சாயிற்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில் தொடுகையின்றிச் சரக்கு கொண்டு செல்லும் தானியங்கி வண்டி ஒன்றை அது விவரிக்கிறது. வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ஹெர்குலிஸ். நம் ஊரில் செய்திருந்தால் பீமன் என்று பெயரிட்டிருப்போம். பகாசுரனுக்கு வண்டி நிறையச் சோறு ஓட்டிப் போனவன் அவன்தானே! (அதை அவனே தின்றுவிட்டான் என்பது வேறு கதை.)

அந்தக் கட்டுரையையும் அதை ஒட்டி உலகெங்கும் எழுந்த பேச்சையும் காஞ்சிபுரத்துத் தெருவில் நிறுத்திப் பார்ப்பதே இங்கு என் நோக்கம். ஒரு வண்டியை அது பிறந்த ஊரைவிட்டு வேறோர் ஊரில் வைத்துச் சோதிப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டுரையின் முதல் வரிகளே உலகம் முழுவதையும் பற்றிப் பேசுகின்றன. 223 நாடுகளையும் பகுதிகளையும் எண்ணிக் காட்டித்தான் அவர்கள் வண்டியின் தேவையை நிறுவுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் நாமும் அடக்கம். தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானபோது, அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவருக்குத்தான். எனவே கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

முதலில் வண்டியின் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் வேலை என்ற அளவில் அது பாராட்டத்தக்கது. அதன் கண் என்பது லேசர் ஒளி. சிறு சிறு ஒளித் துடிப்புகளைக் கருவி வெளியே அனுப்புகிறது. அவை எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், 30 செ.மீ. செல்லும், நம் பள்ளி அளவுகோலின் நீளம். 30 மீட்டர் தொலைவில் ஒரு மாடு நிற்கிறது என்றால் ஒளி போய்த் திரும்ப 60 மீட்டர். ஆகும் நேரம் 200 நானோ வினாடி. மாடு இருக்கும் இடத்தை 3 செ.மீ. துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் நேரத்தை 0.2 நானோ வினாடி வரை பிரித்தறிய வேண்டும். கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, சத்தம் கேட்கும் வரை எண்ணி ஆழத்தைக் கணிப்பது போன்றதுதான் இது. கடிகாரம்தான் மிக மிக நுண்ணியது.

இப்படி ஒவ்வொரு வினாடியும் பல்லாயிரம் புள்ளிகளை அளந்து, சுற்றுப்புறத்தை ஒரு புள்ளிக் கூட்டமாகக் கணிப்பொறி வரைந்துகொள்கிறது. ஏற்கெனவே அளந்து வைத்த முப்பரிமாண வரைபடத்தோடு அதை ஒப்பிட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. செயற்கைக்கோள் குறிப்பும் சக்கரங்களின் சுழற்சிக் கணக்கும் இதற்குத் துணை. அதன் பிறகே எதிரே வருவது காரா, ஆளா என்று பிரித்தறிவதும், வழியைத் தீர்மானிப்பதும், திருப்புவதும் நிறுத்துவதும். சீன நகரங்களான ஜிபோ, சூஜோ, ஷென்ஜென் ஆகியவற்றில் அந்த வண்டி உண்மையான சாலைகளில் உண்மையான சரக்கைக் கொண்டு சென்றது. ஆய்வுக்கூடத்து மேசையில் ஓடிய பொம்மை அல்ல அது என்பதை மறக்கக் கூடாது.

வேறு முயற்சிகளும் அதே காலத்தில் நடந்தன. வூகான் நகரில் ஜே.டி. நிறுவனத்தின் சிறு வண்டி 2020 பிப்ரவரி 6 அன்று ஒன்பதாம் மருத்துவமனைக்குப் பொருள் கொண்டு சென்றது. கிடங்கிலிருந்து மருத்துவமனை சுமார் 600 மீட்டர். அதே மாதத்தில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, இருக்கையும் திருப்புச் சக்கரமும் இல்லாத நியூரோ நிறுவனத்து வண்டிக்கு விதிவிலக்கு அளித்தது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் ஆறு சக்கரப் பெட்டி வண்டிகள் 2018 முதலே நடைபாதையில் மளிகை கொண்டு போய்க்கொண்டிருந்தன; தொற்றுக் காலத்தில் அவற்றுக்கு மவுசு கூடிற்று.

இனி, கட்டுரையின் வாதத்துக்கு வருவோம். வண்டி ஓட்டுநரும் வாடிக்கையாளரும் சந்திக்கிறார்கள்; சந்திப்பில் நோய் பரவும்; ஓட்டுநரை நீக்கினால் சந்திப்பு இல்லை; எனவே நோயும் பரவாது. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் படித்தவன் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு?" என்பது. ஒரு தெருவில் ஒரு நாளில் நடக்கும் எல்லாச் சந்திப்புகளிலும் ஓட்டுநரோடு நடப்பவை எத்தனை பங்கு? எவ்வளவு நேரம்? எந்த இடத்தில்? கட்டுரை வண்டியை அளந்தது. பல்வகைப் போக்குவரத்தில் அது சரக்கைக் கொண்டு சேர்த்ததா என்று பார்த்தது. சந்திப்புகளை அது அளக்கவில்லை. நோயைக் குறைக்க என்று கட்டிய வண்டிக்கு அந்த ஓர் அளவு இல்லாதது பெரிய குறை என்பேன்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியாய விலைக் கடை முன் 60 பேர் ஒரே நேரத்தில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற எவரிடமிருந்தும் நோயைப் பெறக்கூடும் என்றால், எத்தனை இணைகள்? 60 ஐ 59 ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: 1770. இதே 60 பேரைப் பத்துப் பத்துப் பேராக ஆறு வேளைகளில் வரச் சொன்னால்? ஒரு குழுவில் 45 இணை. ஆறு குழுவுக்கும் சேர்த்து 270. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! வாயு மூலக்கூறுகளின் மோதலைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதல்ல. மோதல்களின் எண்ணிக்கை அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் மோதல் நிறையவே குறையும்.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கியபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் துண்டுச் சீட்டு செய்த வேலை மேலே சொன்ன வகுத்தல்தான். லேசர் இல்லை, கணிப்பொறி இல்லை, மின்கலம் இல்லை. எல்லாக் கடைகளிலும் அது ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டோக்கனில் பத்து மணி என்று இருந்தாலும் ஏழு மணிக்கே செருப்பைப் போட்டு வரிசை பிடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆயினும் தொடுகை குறைக்கும் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டியல் போட்டால் அந்தச் சீட்டு முதலில் வர வேண்டும். தானியங்கி வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதனோடு ஒப்பிட்டுக் காட்டுவதே இல்லை. வண்டியை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் வண்டிதான் வெல்லும்.

ஓட்டுநரைப் பற்றிய அச்சம் பொய் என்றும் சொல்லமாட்டேன். 60 வீட்டுக்கும் ஒரே ஆள் போனால், அவர் சக்கரத்தின் குடம் போல, வீடுகள் ஆரக்கால்கள். அவருக்கு நோய் வந்தால் 60 வாசலுக்கும் வழி திறக்கிறது. கட்டுரையாசிரியர்கள் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்திப்பு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள்: திறந்த வெளி, முகக்கவசம், பத்து விநாடி. என் அம்மா ஊரடங்கு முழுவதும் காய்கறியை மாடியிலிருந்து கயிற்றில் துணிப்பை இறக்கித்தான் வாங்கினார். தள்ளுவண்டிக்காரர் கீழே நின்று, "அம்மா, வெண்டைக்கா பிஞ்சா இருக்கு, அரைக் கிலோ போடட்டுமா?" என்று குரல் கொடுப்பார். இருவருக்கும் நடுவே பதினைந்து அடி. பணம் அதே பையில் இறங்கும். தொடுகையில்லா விநியோகம் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே அந்த ஏற்பாடு வந்துவிட்டது.

தொடுகை என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, இந்த வைரஸ் பிளாஸ்டிக் பரப்பில் 72 மணி நேரம் வரையும், அட்டைப் பெட்டியில் 24 மணி நேரம் வரையும் உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்று காட்டியது. உலகமே பையையும் பாலுறையையும் கழுவத் தொடங்கிற்று. ஆய்வுக்கூடத்தில் வைரஸ் தங்கியிருப்பது வேறு, அதைத் தொட்டவருக்கு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அசுத்தமான பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. நோய் முதன்மையாகப் பரவியது மூச்சுக் காற்றின் வழியே. அதுவும் அடைத்த, காற்றோட்டமில்லாத இடங்களில். ஆக, கைக்குக் கை மாறாமல் பெட்டி வந்ததா என்பது முக்கியமே இல்லை. எந்த அறையில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் ஒன்றாக மூச்சு விட்டார்கள் என்பதே முக்கியம். இதற்காகக் கட்டுரையாசிரியர்களைக் குறை கூற முடியாது. அவர்கள் எழுதத் தொடங்கிய நாளில் எல்லோருமே பையைக் கழுவிக்கொண்டிருந்தோம். இன்று அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி அடுத்த வண்டிக்குப் பணம் கேட்பவர்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த அறை எங்கே இருந்தது என்பதைக் கோயம்பேடு நமக்குக் காட்டியது. 2020 ஏப்ரல் கடைசியில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கிளம்பி, லாரிகளோடும் கூலியாட்களோடும் பல மாவட்டங்களுக்குப் போயிற்று. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் வரும் சாலையிலுள்ள திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது. நினைத்துப் பாருங்கள்: விடியற்காலை மூன்று மணிக்கு லாரியிலிருந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்கிறவர், அருகில் நின்று விலை கூவுகிறவர், எடை போடுகிறவர், வாங்க வந்த சில்லறை வியாபாரி. தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். நோய் பரவியது அங்கே. நம் ஹெர்குலிஸ் வருவதோ அதற்கெல்லாம் பிறகு, கடைசிக் கட்டத்தில். வண்டியில் காய்கறியை ஏற்றி வைப்பவர் யார்? ஆட்கள்தான், ஒரு கிடங்குக்குள், பக்கத்தில் பக்கத்தில் நின்று. வாசலில் பத்து விநாடிச் சந்திப்பை நீக்கிவிட்டு, கிடங்கில் பத்து மணி நேரச் சந்திப்பை அப்படியே விட்டுவைத்தால், அதற்குத் தொடுகையில்லா விநியோகம் என்று பெயரிடலாமா? ஓட்டை சட்டியின் அடியில் இருக்க, மூடியை இறுக்குவதற்கு ஒப்பாகும் இது.

இப்போது வண்டியைப் பிள்ளையார்பாளையத்துக்குள் கொண்டுவருவோம்.

காஞ்சிபுரத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பட்டுச் சேலைக்கு உரிய நீளவாட்டு இழைகளின் தொகுதியைப் பாவு என்கிறோம். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்த்துச் சீர்செய்யும் வழக்கம் நெசவாளர் தெருக்களில் உண்டு. விடியற்காலை வேலை இது. வெயில் ஏறினால் கஞ்சி சரியாகப் பிடிக்காது. பாவின் நுனியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். குறுக்கே கோல்கள் செருகி இழைகளைப் பிரித்து வைப்பார்கள். இடுப்பு உயரத்தில் பட்டு இழைகள் பல மீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும். அவ்வழியே சைக்கிளில் வருகிறவர் தாமாகவே இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். ஒருவரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லேசர் கண் இதைப் பார்க்குமா? பரவலாகப் பயன்பட்ட ஒரு வகைக் கருவி, மேலிருந்து கீழாக 16 கதிர்களை 30 பாகைக்குள் பரப்புகிறது. அடுத்தடுத்த கதிர்களுக்கு இடையே 2 பாகை. 10 மீட்டர் தொலைவில் இந்த இடைவெளி எவ்வளவு? 10 ஐ 2 பாகையின் டான் மதிப்பான 0.035 ஆல் பெருக்குங்கள்: 35 செ.மீ. விரல் பருமனுள்ள கயிறு ஒன்று படுக்கைவாட்டில் தெருவின் குறுக்கே இருந்தால், இரு கதிர்களுக்கு நடுவே தாராளமாக ஒளிந்துகொள்ளும். வண்டி நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும்; 3 மீட்டரில் சுமார் 10 செ.மீ. அப்போதும் கயிற்றைவிடப் பெரிதுதான்.

அதற்குள் வண்டி நிற்க வேண்டுமே! மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 5.6 மீட்டர். கணிப்பொறி முடிவெடுத்துத் தடை பிடிக்க அரை வினாடி என்று கொள்வோம், அதற்குள் 2.8 மீட்டர் ஓடியிருக்கும். வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்பதற்கு மேலும் 3.9 மீட்டர் வேண்டும். மொத்தம் 6.7 மீட்டர். அந்தத் தொலைவில் கதிர்களின் இடைவெளி 23 செ.மீ. கயிறு தெரிவதற்கு முன்பே பாவு வண்டிக்கு அடியில் இருக்கக்கூடும்.

பாவு பரப்பின் மேலேயே ஓரிரு சாய்ந்த கதிர்கள் விழும் என்பதும் உண்மை. அப்போது ஒளியில் ஒரு பங்கு இழைகளில் பட்டுத் திரும்பும். மற்றது இழைகளுக்கு ஊடே போய்த் தரையில் பட்டுத் திரும்பும். ஒரே கதிருக்கு இரண்டு எதிரொலி. தூசி, மழைத்துளி, புகை ஆகியவையும் இப்படித்தான் அரைகுறை எதிரொலி தரும். அவற்றைப் பொருட்படுத்தாமல் விடும்படி நிரல் எழுதுவதும் உண்டு. 64 கதிர், 128 கதிர்க் கருவிகள் வந்துவிட்டன, ஒரே வண்டியில் பல கருவிகள் பொருத்துகிறார்கள், புகைப்படக் கண்ணும் கூடவே உண்டு என்று சிலர் மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், கயிறு இன்று தெரியக்கூடும். தெரிந்த பிறகு அது என்ன என்று வண்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே! கார், ஆள், சைக்கிள் ஆகியவற்றின் இலட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கலாம். தெருவில் விரித்த பாவின் படத்தை யார் காட்டியிருக்கிறார்கள்? ஒரு பாவு என்பது ஒரு குடும்பத்தின் பல வார உழைப்புக்கு முதல். அறிமுகமில்லாத தடை என்று கருதி வண்டி நின்றால் நல்லது. நின்றபடியே இருந்தால் பின்னால் வரும் பால்காரர் என்ன செய்வார்?

வரைபடத்துக்கும் இதே கதி. முன்பே அளந்து வைத்த வரைபடத்தை நம்பி ஓடும் வண்டிக்குத் தெரு மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மாதம் தோறும் ஏதாவதொரு திருவிழா. பந்தல் போடுவார்கள், வாழை கட்டுவார்கள். தொற்றுக் காலத்தில் திருவிழா இல்லையே என்றால், அதைவிடப் பெரிய மாற்றம் வந்தது. நோயாளி கண்டறியப்பட்ட தெருக்களைச் சவுக்குக் கட்டையும் தகரமும் வைத்து அடைத்தார்கள். எந்தத் தெருவுக்குள் ஆள் போகக் கூடாதோ, எங்கே இந்த வண்டி மிகவும் தேவையோ, அங்கே வண்டியும் போக முடியாது! தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பால் பாக்கெட்டை அந்தப் பக்கம் நீட்ட ஒரு கை வேண்டியிருந்தது. நான் பார்த்த வரையில் அந்தக் கை நகராட்சிப் பணியாளருடையது, அல்லது பக்கத்துத் தெருப் பையனுடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. ஊரடங்கின்போதும் அது வீட்டுக்கு வந்தது. மாடிப்படி ஏறி, சமையலறை வரை வந்தது. தானியங்கி வண்டி தெருமுனை வரை கொண்டுவந்து நிறுத்தினால், எழுபது வயது அம்மையார் அதை எப்படி மாடிக்கு ஏற்றுவார்? பொருளின் பயணத்தில் ஐம்பது கிலோமீட்டர் எளிது, கடைசிப் பத்து அடிதான் கடினம். அந்தப் பத்து அடியை இந்த வண்டிகள் வாங்குபவரின் தலையில் கட்டிவிடுகின்றன. நோய்வாய்ப்பட்டுத் தனித்திருப்பவருக்கும் முதியவருக்கும் உதவத்தான் வண்டி என்று சொல்லிவிட்டு, அவர்களையே வாசலுக்கு இறங்கி வரச் செய்வது முரண்பாடு அல்லவா?

வேலைவாய்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கமாட்டோம், அவை ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017 இலும், மீண்டும் 2023 இலும் சொன்னார். இதை அறிவியலுக்கு எதிரான பேச்சு என்று கேலி செய்தவர்கள் உண்டு. (2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஆராய்ச்சிக்காக விதிவிலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.) ஊரடங்கில் நம் ஊர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். சூரத்திலிருந்து சரிகையும் கர்நாடகத்திலிருந்து பட்டும் வராமல் தறிகள் நின்றன. முகூர்த்தங்கள் நின்றதால் காந்தி சாலைக் கடைகளுக்கு வருவார் இல்லை. நெய்தவர்கள் காய்கறி விற்கப் போனார்கள். ஆட்டோ ஓட்டியவர்கள் மளிகை கொண்டு கொடுத்தார்கள். வூகானில் ஆள் கிடைக்காத நேரத்தில் வண்டி வந்தது. இங்கே ஆள் இருந்தார்கள், கூலிதான் இல்லை. ஒரே கருவி ஓரிடத்தில் மருந்தாகவும் வேறோரிடத்தில் சுமையாகவும் ஆவது இப்படித்தான்.

அதற்காக, ஓட்டுநருக்கு வேலை வேண்டும் என்ற பெயரால் அவரைப் பாதுகாப்பில்லாமல் நோயாளியின் வாசலுக்கு அனுப்புவதையும் ஏற்க முடியாது. சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு எத்தனை பேர் நல்ல முகக்கவசம் கொடுத்தோம்? தடுப்பூசி வந்தபோது அவரை முதல் வரிசையில் நிறுத்தினோமா? வண்டியைக் குறை சொல்கிற என் போன்றவர்கள் இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆளில்லா ஊர்தி பொருந்திய இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் இந்தத் திறனாய்வு நேர்மையாகாது. 2020 ஏப்ரலில் கொச்சியின் அசிமோவ் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்த கர்மி பாட் என்ற எந்திரம் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோயிற்று. அது 25 கிலோ சுமக்கும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகம். புகழ்பெற்ற வண்டிகளோடு வைத்தால் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். ஆனால் அது வேலை செய்த இடம் எது? அடைத்த அறை, நோயாளிகள் நிறைந்த காற்று, ஒரு நாளில் பல முறை நுழைந்தாக வேண்டிய செவிலியர். தவிர்த்த ஒவ்வொரு நுழைவுக்கும் உண்மையான மதிப்பு இருந்தது. தரை சமதளம், பாவு இல்லை, மாடு இல்லை. அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் மேயோ மருத்துவமனை 2020 மார்ச் 30 முதல் நோய்ப் பரிசோதனை மாதிரிகளைத் தானியங்கி வண்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதும் இப்படித்தான். அங்கே மற்றப் போக்குவரத்தும் நடப்பவரும் இல்லாதபடி வழியையே தனியாக ஒதுக்கினார்கள்.

மணிப்பூரில் 2021 அக்டோபர் 4 அன்று, பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு ஆளில்லா விமானத்தில் தடுப்பூசி போயிற்று. தரைவழி 26 கி.மீ.; வான்வழி 15 கி.மீ.; ஆன நேரம் கால் மணிக்குள். அங்கே நீக்கப்பட்டது ஓட்டுநர் அல்லர். தடையாக இருந்த தொலைவும் நீரும்தான்.

இந்த எடுத்துக்காட்டுகளையும் ஹெர்குலிஸையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வது சரியல்ல என்பதே என் வழக்கு. நகரத் தெருவில் வீடு வீடாகச் சரக்கு தரும் வண்டிக்குத் தொற்றுநோயைக் காரணமாகக் காட்டுவது, ஏற்கெனவே செய்ய விரும்பிய ஒன்றுக்கு வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது போல எனக்குத் தோன்றுகிறது. விரும்பியதைச் செய்யட்டும், அதில் தவறில்லை. வேலைத் திறன், செலவு, விபத்துக் குறைப்பு என்று அதன் சொந்தக் கால்களில் வாதாடட்டும். நோயைச் சான்றுக்கு அழைத்தால் நோயின் கணக்கைக் காட்ட வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவருக்கு இவ்வளவும் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "சார், உங்க தெருவை மட்டும் வெச்சு முடிவு சொல்றீங்க" என்றார். நியாயமான மறுப்புதான். "அப்படியானால் உன் தெருவை நீயே எண்ணிக்கொண்டு வா" என்றேன். மறு வாரம் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தார். பாவு கட்டியது இரண்டு. கோலம் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் குனிந்திருந்தவர்கள் ஒன்பது. படுத்திருந்த மாடு ஒன்று, எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் ஒன்று, அதன்மேல் போட்ட பலகையோடு. கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: பலகையின் அகலம் இரண்டரை அடி, சைக்கிள் போகும்.